வாஷிங்டனின் உயர்நிலைப்பள்ளிகள்: எம் ஸ்ட்ரீட் முதல் டன்பர் வரை



அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அரசு உயர்நிலைப்பள்ளிகள் எப்படி உருவாயின, எப்படி உயர்ந்தன, எந்த இடத்தில் சறுக்கின என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு நகரத்தின் பள்ளிகள் அத்தனையையும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடிக்க முடியாது. சொன்னாலும் வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். அதனால் ஒரு பள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றிச் சொல்கிறேன். அந்தப் பள்ளி 1870-ல் தொடங்கியது. பல இடங்கள் மாறியது, பெயரும் மாறியது. இன்று அதன் பெயர் டன்பர் உயர்நிலைப்பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த முதல் உயர்நிலைப்பள்ளி அதுதான்.

முதலில் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்வோம். உயர்நிலைப்பள்ளி என்பதே அப்போது அமெரிக்காவுக்குப் புதிது. பாஸ்டன் நகரம் 1821-ல் நாட்டின் முதல் பொது உயர்நிலைப்பள்ளியைத் திறந்தது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக் காலம், எழுதப் படிக்கக் கற்றுத்தருவதற்கு மேல் ஊர் வரிப்பணத்தைச் செலவிடலாமா என்ற சண்டை ஓயவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ ஊர்க்காரர்கள் சிலர் வழக்கே தொடுத்தார்கள். செலவிடலாம் என்று 1874-ல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 1910-ல்கூட அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 1940-ல் ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்தார்கள். இந்த முப்பது ஆண்டுத் தாவல் அமெரிக்கச் சமூகத்தையே மாற்றிய ஒன்று. ஆனால் நான் சொல்லப்போகும் பள்ளி அதற்கெல்லாம் நாற்பது ஆண்டுகள் முன்பே, அந்த நகரத்தில் அடிமைத்தனம் ஒழிந்து எட்டே ஆண்டுகளில் பிறந்துவிட்டது.

வாஷிங்டனில் அடிமை முறை 1862 ஏப்ரல் 16 அன்று சட்டப்படி முடிவுக்கு வந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்ததற்கு எட்டு மாதங்களுக்கு மேல் முந்தையது இது. மறுமாதமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இன்னொரு சட்டம் செய்தது: கறுப்பினத்தவரின் சொத்துகளிலிருந்து வசூலாகும் வரியில் பத்தில் ஒரு பங்கை அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்குத் தர வேண்டும். அதாவது, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குத் தாங்களே கட்டிய வரி. அந்தச் சிறு தொகையையும் நகர அதிகாரிகள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1864-ல் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ற பங்கு பொதுப் பணத்திலிருந்தே தரப்பட வேண்டும் என்றானது. வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத நகரம். காங்கிரஸின் நேரடி ஆட்சியில் இருந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த நல்லதிலும் கெட்டதிலும் அதன் கை இருக்கிறது.

1870 நவம்பரில், பதினைந்தாம் தெருவிலிருந்த பிரஸ்பிட்டீரியன் தேவாலயத்தின் நிலவறையில் வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் நான்கு பேர். கறுப்பின இளையோருக்கான ஆயத்த உயர்நிலைப்பள்ளி என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே தலைமையாசிரியராக வந்தவர் மேரி ஜேன் பேட்டர்சன். ஓபர்லின் கல்லூரியில் 1862-ல் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இடையில் ஓராண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டு கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரி. நிலவறைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த ஆட்களைப் பாருங்கள்! வெள்ளைப் பிள்ளைகளுக்கான சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளி 1882-ல்தான் கட்டடம் கண்டது.

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் 1891-ல் எம் ஸ்ட்ரீட்டில் எழுந்தது. அதனால் எம் ஸ்ட்ரீட் பள்ளி என்ற பெயர் நிலைத்தது. அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே, 1884 முதல் 1896 வரை, தலைமையாசிரியராக இருந்தவர் ஃபிரான்சிஸ் கார்டோசோ. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் தென் கரோலைனா மாநிலத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்தக் காலம் முடிந்து தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் அரசியல் உரிமைகள் பறிக்கப்பட்டபோது, ஆட்சியில் இருந்த அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாடு அவரிடமிருந்து பறித்ததைப் பள்ளி பெற்றுக்கொண்டது. அந்தப் பள்ளியின் வரலாறு முழுவதிலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

அந்தப் பள்ளிக்கு அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கறுப்பினத்தவர் ஒருவர் ஹார்வர்டில் முதுகலை முடித்தாலும், சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றாலும், வெள்ளையர் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்குப் பாடம் நடத்த இடமில்லை. வழக்கறிஞர் தொழிலிலும் பெரிய நிறுவனங்களிலும் கதவு அடைத்திருந்தது. வாஷிங்டனிலோ பள்ளிகளை மத்திய அரசு நேரடியாக நடத்தியதால், கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம். தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியரின் சம்பளம் பல ஊர்களில் வெள்ளையர் சம்பளத்தில் பாதியைக்கூட எட்டாத காலம் அது. ஆகவே நாட்டின் மிகச் சிறந்த கறுப்பின அறிவாளிகள் ஓர் உயர்நிலைப்பள்ளியின் ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தார்கள்.

கார்ட்டர் வுட்சன் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், 1912-ல், ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின வரலாறு என்ற துறைக்கே அடித்தளமிட்டவர் அவர். நாவலாசிரியை ஜெஸி ஃபாசெட் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார். கவிஞர் ஏஞ்சலினா வெல்ட் கிரிம்கே ஆங்கிலம் நடத்தினார். 1921-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக மூன்று கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள்: ஜார்ஜியானா சிம்சன், சேடி மோசெல், ஈவா டைக்ஸ். சிம்சன் இந்தப் பள்ளியின் ஜெர்மன் ஆசிரியை. மோசெல் இங்கே படித்தவர். டைக்ஸ் இங்கே படித்து, இங்கேயே பாடம் நடத்தியவர். மூன்று பேருக்கும் ஒரே பள்ளி.

1899-ல் நகரத்தின் நான்கு உயர்நிலைப்பள்ளிகளுக்கும் நடந்த தேர்வில், எம் ஸ்ட்ரீட் மாணவர்கள் மூன்று வெள்ளைப் பள்ளிகளில் இரண்டை முந்தினார்கள். மாணவர்களின் பெற்றோரில் அரசு அலுவலக எழுத்தர்களும் தபால் ஊழியர்களும் இருந்தார்கள். வீட்டுவேலை செய்து பிழைத்தவர்களும், குதிரைவண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

இப்போது அன்னா ஜூலியா கூப்பரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவசரமாகத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

வட கரோலைனாவின் ராலி நகரில் 1858-ல் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் கூப்பர். ஓபர்லினில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். 1887-ல் வாஷிங்டனுக்கு ஆசிரியையாக வந்தார். 1892-ல் தெற்கிலிருந்து ஒலிக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலாகத் தம் கட்டுரை நூலை வெளியிட்டார். பெண்களின் கல்வி இல்லாமல் ஓர் இனம் எழ முடியாது என்று அதில் வாதிட்டார். 1902 ஜனவரியில் எம் ஸ்ட்ரீட்டின் தலைமையாசிரியர் ஆனார்.

அந்த நேரத்தில் கறுப்பினக் கல்வி பற்றி நாடு முழுவதும் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. கைத்தொழில் கற்றுக்கொடுங்கள், அதுதான் அவர்களை உயர்த்தும் என்றார் புக்கர் வாஷிங்டன். தலைமை தாங்கக்கூடிய படித்த தலைமுறை ஒன்று உருவாக வேண்டும், அதற்குக் கல்லூரிக் கல்வி வேண்டும் என்றார் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். இருவருக்கும் தத்தம் நியாயம் இருந்தது. ஆனால் வெள்ளை நிர்வாகிகளுக்கு முதலாவது வாதம் மிகவும் வசதியாக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு இலத்தீன் எதற்கு, வடிவியல் எதற்கு என்று கேட்க அவர்களுக்கு ஒரு கறுப்பினத் தலைவரின் சொல்லே துணை கிடைத்தது.

கூப்பர் விட்டுக்கொடுக்கவில்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறிவியல் எல்லாம் முழுமையாக நடந்தன. ஹார்வர்டு, யேல், பிரவுன், ஓபர்லின் என்று கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பினார். டு பாய்ஸை அழைத்து மாணவர்களிடம் பேசவைத்தார். 1903-ல் பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற பாதிரியார் கூப்பரின் வகுப்பில் உட்கார்ந்து, இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தை அந்தப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டார். தம் பயண நூலில் அதை வியந்து எழுதினார்.

உயர்நிலைப்பள்ளிகளின் இயக்குநராக இருந்த பெர்சி ஹியூஸ் என்ற வெள்ளையர், எம் ஸ்ட்ரீட்டின் பாடத்திட்டத்தைக் குறைக்க முயன்றார். கூப்பர் எதிர்த்தார். 1905-ல் அவர்மேல் குற்றச்சாட்டுகள் வந்தன: ஒழுங்கை நிலைநாட்டவில்லை, தகுதியில்லாத மாணவர்களிடம் தயவு காட்டுகிறார், மேலிடத்தின் உத்தரவை மதிக்கவில்லை. அவருடைய சொந்த வாழ்வைப் பற்றிய வதந்திகளும் சேர்ந்துகொண்டன. வாதப் பிரதிவாதமாக மாதக்கணக்கில் செய்தித்தாள்களில் ஓடியது. 1906-ல் அவரை மறுபடி நியமிக்க மறுத்துவிட்டார்கள். வெளியூரில், மிசூரி மாநிலத்தில், ஒரு கல்விநிலையத்தில் நான்கு ஆண்டுகள் கழித்தார்.

பிறகு 1910-ல் அதே எம் ஸ்ட்ரீட் பள்ளிக்கு, தாம் தலைமை தாங்கிய பள்ளிக்கு, இலத்தீன் ஆசிரியையாகத் திரும்பிவந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சம் நிறைகிறது. தலைமை நாற்காலியைப் பறித்தவர்கள் பாடத்தைப் பறிக்கவில்லை என்பதால் அவர் வந்தார். உறவினர் ஒருவரின் ஐந்து பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். விடுமுறைக் காலங்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்து பிரான்ஸ் கொண்டிருந்த நிலைப்பாட்டை ஆராய்ந்து, பிரெஞ்சு மொழியிலேயே ஆய்வேடு எழுதினார். 1925-ல் முனைவர் பட்டம் பெற்றபோது வயது அறுபத்தாறு. அப்போதும் வேலை என்னவோ உயர்நிலைப்பள்ளி ஆசிரியைதான். 1930 வரை பாடம் நடத்தினார். 105 வயது வாழ்ந்து 1964-ல் காலமானார்.

கைத்தொழில் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1902-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஆம்ஸ்ட்ராங் தொழிற்பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு அதே காலத்தில் மெக்கின்லி. ஆம்ஸ்ட்ராங் என்பது ஹாம்ப்டன் கல்விநிலையத்தை நிறுவிய படைத்தலைவரின் பெயர். புக்கர் வாஷிங்டனின் ஆசான் அவர். எம் ஸ்ட்ரீட்டைப் புகழ்பவர்கள் ஆம்ஸ்ட்ராங்கைக் கீழாகப் பேசுவது வழக்கம். அது எனக்கு உடன்பாடில்லை. நல்ல தச்சரும் நல்ல அச்சுத்தொழிலாளியும் மின்பணியாளரும் நகரத்துக்குத் தேவை. டியூக் எலிங்டன் படித்ததும் ஆம்ஸ்ட்ராங்கில்தான். ஓவியமும் விளம்பரப்பலகை எழுதும் கலையும் பயின்றார். படிப்பு முடியச் சில மாதங்கள் இருக்கும்போது இசைக்காக 1917-ல் பள்ளியை விட்டார். என் வருத்தமெல்லாம் ஒன்றுதான்: எந்தப் பள்ளி எந்தப் பிள்ளைக்கு என்பதைப் பிள்ளையின் விருப்பத்தை வைத்து முடிவு செய்யாமல், நிறத்தை வைத்து முடிவு செய்ய நினைத்த அதிகாரம்.

1916-ல் எம் ஸ்ட்ரீட் பள்ளி புதிய கட்டடத்துக்கு மாறியது. பத்து ஆண்டுகளுக்கு முன் இளமையிலேயே மறைந்த கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டு வெள்ளைப் பிள்ளைகளின் சென்ட்ரல் பள்ளிக்கும் புதுக் கட்டடம் வந்தது. நகரம் முழுவதும் கண்ணில் தெரியும் ஒரு மேட்டில், சொந்த விளையாட்டரங்கத்தோடு, அரண்மனைபோல் எழுப்பினார்கள். பின்னாளில் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையை அரை நூற்றாண்டு ஆண்ட எட்கர் ஹூவர் சென்ட்ரலின் பழைய மாணவர்.

டன்பரின் பழைய மாணவர்களில் சிலரை மட்டும் சொல்கிறேன். அமெரிக்க இராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ். இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமிக்கும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூ. 1966-ல் அமைச்சரவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் வீவர். அதே ஆண்டு, மக்கள் வாக்களித்து செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் எட்வர்ட் புரூக். கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன். எழுத்தாளர் ஜீன் டூமர். இவர்களுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனை. 1911-ல், பதினைந்து வயதில், எம் ஸ்ட்ரீட்டில் படிப்பை முடித்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரியைச் சீர்திருத்தி, தர்குட் மார்ஷல் உள்ளிட்ட ஒரு தலைமுறை வழக்கறிஞர்களை உருவாக்கினார். பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டத்தாலேயே தகர்க்கும் திட்டத்தை வகுத்தவர் அவர். பிரிவினைப் பள்ளி ஒன்று வளர்த்த பிள்ளை பிரிவினையை வேரறுக்கும் வேலையைத் தொடங்கினார்.

இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருமையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படி நிறுத்தினால் உண்மைக்கு நியாயம் செய்ததாகாது. டன்பருக்குள்ளும் உயர்வு தாழ்வு இருந்தது. நிறம் சற்று வெளிறிய, வசதியான, பழைய வாஷிங்டன் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த வரவேற்பு, தெற்கிலிருந்து புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பத்துக் கருநிறப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று அங்கே படித்தவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நன்னி ஹெலன் பர்ரோஸ் 1896-ல் எம் ஸ்ட்ரீட்டில் சிறப்பாகத் தேறியவர். தமக்குக் கிடைக்கும் என நம்பியிருந்த வேலை அந்த நகரத்துப் பள்ளிகளில் அவருக்குக் கிடைக்கவில்லை. தம் நிறமும் குடும்பத்தின் எளிமையுமே தடையாக இருந்தன என்று அவர் கருதினார். பிறகு அவரே 1909-ல் வாஷிங்டனில் உழைக்கும் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, சாகும்வரை நடத்தினார்.

டன்பர் ஒளிவீசிய அதே நகரத்தில் மற்றக் கறுப்பினப் பள்ளிகள் மூச்சுத்திணறின. 1940-களில் கறுப்பின மக்கள்தொகை வேகமாக ஏறியது, கட்டடங்கள் ஏறவில்லை. பல பள்ளிகளில் பிள்ளைகள் காலை, மாலை என இரு முறையாகப் படித்தார்கள். சில தெருக்கள் தள்ளி வெள்ளையர் பள்ளிகளில் வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன. 1947 டிசம்பரில் பிரவுன் நடுநிலைப்பள்ளிப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். முன்னின்றவர் கார்ட்னர் பிஷப் என்ற முடிதிருத்தும் தொழிலாளி. மெத்தப் படித்த வழக்கறிஞர்களையும், கறுப்பின மேட்டுக்குடியையும் அவர் நம்பவில்லை. ஆனாலும் ஒரு நாள் ஹூஸ்டன் அவருக்கு உதவ முன்வந்தபோது இருவரும் கைகோத்தார்கள். பிரிவினைப் பள்ளிகளின் மிகச் சிறந்த மாணவரும், அந்தப் பள்ளிகளில் இடமில்லாமல் தவித்த பிள்ளைகளின் தகப்பனும் சேர்ந்த அந்தக் கூட்டணிதான் வாஷிங்டனின் வழக்கைச் சாத்தியமாக்கியது.

1950 செப்டம்பரில் பிஷப் பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, புதிதாகக் கட்டப்பட்ட சூசா நடுநிலைப்பள்ளிக்குப் போனார். அறைகள் காலியாக இருந்தும் சேர்க்க மறுத்தார்கள். ஹூஸ்டன் அந்த ஏப்ரலில் மறைந்துவிட்டார். வழக்கை ஜேம்ஸ் நாப்ரிட் கையிலெடுத்தார். கட்டடங்கள் சமமாக இல்லை என்று வாதிடும் பழைய வழியை அவர் கைவிட்டார். பிரிவினையே குற்றம் என்று வாதிட்டார். 1954 மே 17 அன்று, மாநிலங்களின் பள்ளிகளில் பிரிவினையை ரத்து செய்த புகழ்பெற்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்த அதே நாளில், போலிங் எதிர் ஷார்ப் என்ற இந்த வாஷிங்டன் வழக்கின் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலம் அல்ல என்பதால் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காம் திருத்தம் அதற்குப் பொருந்தாது. அதனால் ஐந்தாம் திருத்தத்தை ஆதாரமாகக்கொண்டு நீதிபதிகள் ஒருமனதாகப் பிரிவினையை ரத்து செய்தார்கள்.

தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1950-ல், ஒரு மாற்றம் நடந்திருந்தது. மேட்டின் மேலிருந்த சென்ட்ரல் பள்ளியில் மாணவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கார்டோசோ பெயரில் நடந்த கறுப்பினப் பள்ளியிலோ நிற்க இடமில்லை. பழைய மாணவர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி அந்தக் கட்டடம் கார்டோசோ பள்ளிக்குத் தரப்பட்டது.

1954 செப்டம்பரில் இரு வகைப் பள்ளிகளும் ஒன்றாயின. அக்டோபரில் அனகோஸ்டியா, ஈஸ்டர்ன், மெக்கின்லி பள்ளிகளின் வெள்ளை மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் அடங்கிவிட்டது. வெளியில் அமைதி. உள்ளே வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. 1967-ல் நகரத்துப் பொதுப் பள்ளி மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர்.

டன்பருக்கு என்ன ஆனது? அதுவரை நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் கறுப்பினப் பிள்ளை டன்பரில் சேரலாம். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எல்லை போட்டார்கள். டன்பர் அந்தச் சுற்றுப்புறத்துப் பிள்ளைகளின் பள்ளியானது. அந்தச் சுற்றுப்புறம் ஏழைகளின் குடியிருப்பு. இரு முறை வகுப்புகளில் அரைகுறையாகப் படித்துவந்த பிள்ளைகள் அங்கே வந்தார்கள். கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் மெல்லத் திறக்கத் தொடங்கியதால், முன்போல ஆய்வாளர்கள் உயர்நிலைப்பள்ளிக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பழைய ஆசிரியர்கள் ஓய்வுபெற்றார்கள். சில ஆண்டுகளில் பழைய டன்பர் இல்லாமல் போயிற்று.

பொருளியல் அறிஞர் தாமஸ் சோவல் 1974-ல் டன்பரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல தலைமுறைகளாகக் கறுப்பினப் பிள்ளைகள் தனிப்பள்ளியிலும் மிக உயர்ந்த தரத்தில் கற்றார்கள் என்றும், அந்தச் சாதனையை ஒரு நிர்வாக முடிவு விரைவில் அழித்தது என்றும் அவர் காட்டினார். இரண்டும் உண்மை. அதிலிருந்து சிலர் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. பிரிவினை ஒழிந்ததால்தான் டன்பர் அழிந்தது, பழைய ஏற்பாடே மேல் என்கிறார்கள். டன்பரின் ஆசிரியர் அறையை நிரப்பியது அடைக்கப்பட்ட கதவுகள். வுட்சனும் சிம்சனும் கூப்பரும் பல்கலைக்கழகங்களில் இருந்திருக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு இழைத்த அநீதியின் பயனை ஒரு பள்ளி அனுபவித்தது என்பதற்காக அந்த அநீதியை யாரும் திரும்ப விரும்ப முடியாது. நகரம் செய்யத் தவறியது வேறு: நல்ல ஆசிரியரை எளிய பிள்ளையிடம் கொண்டுவரும் ஏற்பாட்டை, அநீதியின் உதவி இல்லாமல், சம்பளத்தாலும் மதிப்பாலும் மறுபடி கட்டவேயில்லை.

கட்டாதது மட்டுமா, புதிய சுவர் ஒன்றும் எழுப்பியது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களை நான்கு தடங்களாகப் பிரிக்கும் முறையை 1956-ல் கார்ல் ஹேன்சன் கொண்டுவந்தார். 1958-ல் அவரே பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனார். மேல் தடத்தில் சிறப்பு மாணவர்கள், கீழ்த் தடத்தில் மெதுவாகக் கற்பவர்கள் என்று தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்தில் பலர் அதைச் சீர்திருத்தம் என்றே புகழ்ந்தார்கள். ஆனால் கீழ்த் தடத்தில் விழுந்த ஏழைப் பிள்ளை பெரும்பாலும் அங்கேயே கிடந்தது.

அரசுத் துறையில் புள்ளிவிவரப் பணியில் இருந்த ஜூலியஸ் ஹாப்சன், வீட்டருகே இருந்த வெள்ளையர் பள்ளியைத் தாண்டி நெரிசலான பள்ளிக்குத் தன் மகன் நடந்துபோவதைப் பார்த்துப் போராட்டத்துக்கு வந்தவர். பள்ளிவாரியாகச் செலவுக் கணக்குகளைத் திரட்டி வழக்கு தொடுத்தார். 1967 ஜூன் 19 அன்று நீதிபதி ஸ்கெல்லி ரைட் தடமுறையை ரத்து செய்தார். ராக் கிரீக் பூங்காவுக்கு மேற்கே இருந்த வசதியான பகுதியின் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதைத் தீர்ப்பில் எழுதினார். ஹேன்சன் மறுமாதம் பதவி விலகினார். மறு ஆண்டு நகர மக்கள் பள்ளி வாரியத்தை முதன்முறையாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஹாப்சனும் அதில் ஒருவர். காங்கிரஸ் ஆட்சியில் நூறாண்டு கழித்தபின் கிடைத்த அந்த உரிமை பெரிய விஷயம்.

1977-ல் டன்பரின் 1916-ஆம் ஆண்டுக் கட்டடத்தை இடித்தார்கள். பழைய மாணவர்கள் மன்றாடியும் பயனில்லை. பக்கத்தில் எழுந்த புதிய கட்டடம், அறைகளுக்கிடையே சுவரில்லாத அந்தக் காலப் புதுமைப் பாணியில் அமைந்தது. பாடம் நடத்த ஏற்றதாக இல்லை. அதையும் கைவிட்டு, 2013-ல் இப்போதுள்ள கட்டடத்தைத் திறந்தார்கள்.

மற்றப் பள்ளிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ்டவுனில் வெள்ளைப் பிள்ளைகளுக்காக நடந்த வெஸ்டர்ன் உயர்நிலைப்பள்ளியின் கட்டடத்தில் 1974-ல் டியூக் எலிங்டன் கலைப் பள்ளி தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங்கில் படிப்பை முடிக்காமல் போன பையனின் பெயரில்! ஜனாதிபதி உட்ரோ வில்சன் பெயரில் இருந்த பள்ளிக்கு 2022-ல் பெயர் மாற்றினார்கள். அரசு அலுவலகங்களில் பிரிவினையைப் புகுத்தி, எம் ஸ்ட்ரீட் மாணவர்களின் தகப்பன்மாரைத் தனி அறைக்குத் தள்ளிய ஆட்சி வில்சனுடையது. இன்று அது ஜாக்சன்-ரீட் பள்ளி: அங்கே பாடம் நடத்திய முதல் கறுப்பின ஆசிரியை எட்னா ஜாக்சன், முதல் கறுப்பினத் தலைமையாசிரியர் வின்சென்ட் ரீட். 1996-ல் வந்த சட்டத்தால் தனி நிர்வாகத்தில் பொதுப்பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் பெருகி, இன்று நகரத்தின் பொதுப் பள்ளி மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அவற்றில் படிக்கிறார்கள்.

1981-ல் பெஞ்சமின் பேனக்கர் பெயரில் ஓர் உயர்நிலைப்பள்ளி திறக்கப்பட்டது. நகரம் முழுவதிலிருந்தும் விண்ணப்பித்து, தேர்வாகி வரும் பிள்ளைகளுக்கானது. கல்லூரி ஆயத்தப் படிப்பு உண்டு. பழைய டன்பரின் வாரிசு என்று பலர் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக வர வேண்டும். ஆனால் டன்பரின் எல்லைக்குள் வாழும் பிள்ளைக்குத் தேர்வு எழுதாமலே டன்பரில் சேரும் உரிமை இருக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் கடினமான பாடம் தகும் என்பதை முன்கூட்டியே முடிவுகட்ட மறுத்ததற்காகத்தான் கூப்பர் வேலையை இழந்தார். வாஷிங்டன் தன் மிகச் சிறந்த ஆசிரியர்களை இந்த இரண்டில் எந்தப் பள்ளிக்கு முதலில் அனுப்ப வேண்டும் என்று என்னிடம் கேட்டால், டன்பருக்கு என்பேன்.